நின்ற நாளுக்கு யார் கூலி தருவது?

வாசகர் கேள்வி – பதில்

மாதவரத்தில் ஒரு லாரி ஆபிஸில் 19 வருடம் டிரிப் கணக்கு முடித்தேன். டிரைவர் கொண்டுவரும் டிரிப் ஷீட்டை வாங்கி, அட்வான்ஸ், டீசல், படி எல்லாம் கழித்து, கைக்கு எவ்வளவு என்று கடைசி வரியில் எழுதுவது என் வேலை. என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் டிரைவர். பகலில் பிடித்தம் எழுதின கையாலேயே ராத்திரி எங்கள் வீட்டுச் செலவையும் எழுதினேன். அதனால் கிலோமீட்டர் சம்பளம் பற்றி யார் கேட்டாலும், பேப்பரும் பேனாவும் எடுக்காமல் எனக்குப் பதில் சொல்ல வராது. இந்த முறை நான்கு கடிதங்கள். முதல் கடிதத்துக்கு அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கு பிடிபட்டால் மற்ற மூன்றும் சுலபம்.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 34. ஹெவி லைசென்ஸ் எடுத்து 9 வருடம் ஆகிறது. இப்போது வேலை பார்க்கும் கம்பெனியில் மாதம் 16,000 சம்பளம், வெளியூரில் இருக்கும் நாளுக்கு 400 ரூபாய் படி. ஒரகடத்திலிருந்து புனே பக்கம் சாக்கனுக்கு 32 அடி கன்டெய்னர் ஓட்ட இரண்டு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். முதல் கம்பெனி கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 50 காசு. சம்பளம், படி எதுவும் தனியாகக் கிடையாது. மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடலாம், 45,000 எடுக்கலாம் என்கிறார்கள். இரண்டாவது கம்பெனி கிலோமீட்டருக்கு 3 ரூபாய், அதோடு மாதம் 9,000 நிலைச் சம்பளம், பி.எஃப். உண்டு. எதில் சேரட்டும்?
– ஒரு டிரைவர், செங்குன்றம்

பதில்: தம்பி, 45,000 என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். 10,000 கிலோமீட்டர் ஓட முடியுமா என்று முதலில் பார்ப்போம்.

1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் டிரைவருக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. தூர ஓட்டத்துக்கு, அனுமதி வாங்கி, நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை போகலாம் என்றது. லோடு வண்டிக்கு டோல், டீ, ஊர் நெரிசல் எல்லாம் சேர்த்து மணிக்கு 40 கிலோமீட்டர் சராசரி வந்தாலே நல்ல ஓட்டம். 54 மணி நேரமும் ஸ்டீயரிங்கைப் பிடித்தே இருந்தால் வாரம் 2,160 கிலோமீட்டர். 30 நாளுக்கு 9,250 சொச்சம். லோடு ஏற்ற ஒரு மணி நேரம்கூட நிற்காமல், இறக்க நிற்காமல், வீட்டுப் பக்கமே வராமல் ஓடினால்கூட 10,000 எட்டவில்லை பாருங்கள். எட்டுகிறது என்றால் அந்த வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே டிரைவர் தூங்காமல் ஓட்ட வேண்டும்.

தூங்காமல் ஓட்டினவர்களின் ஷீட்டையும் நான் முடித்திருக்கிறேன். ஒரு பையன், 26 வயது, நான்கு நாள் தொடர்ந்து நாளைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் எழுதியிருந்தான். ஐந்தாம் நாள் ஷீட் வரவில்லை, போன் வந்தது. உயிர் தப்பிவிட்டான். வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை. அந்த நான்கு நாள் கூலியைக் கணக்குப் போட்டு அவன் அம்மாவிடம் கொடுத்தது நான்தான். அன்றிலிருந்து எந்தக் கம்பெனியாவது 'மாதம் 10,000 ஓடலாம்' என்றால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

சரி, உண்மையில் எவ்வளவு ஓடுவீர்கள்? ஒரகடத்திலிருந்து சாக்கன் ஏறக்குறைய 1,170 கிலோமீட்டர். இங்கே லோடு ஏறி, பில்லும், சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்லும் கைக்கு வர ஒரு நாள். போக மூன்று நாள். அங்கே கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்று இறக்க ஒரு நாள். ரிட்டர்ன் லோடு கிடைக்க ஒன்றரை நாள், சில சமயம் அதற்கு மேலும். திரும்ப மூன்று நாள், இங்கே இறக்க அரை நாள். ஆக ஒரு நடைக்கு 10 நாள். நடுவில் வீட்டில் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் முகம் பார்க்க வேண்டாமா? அப்படியானால் 60 நாளில் ஐந்து நடை. போக வர 2,340, ஐந்து நடைக்கு 11,700, மாதத்துக்கு 5,850 கிலோமீட்டர்.

இந்த 5,850-க்கும் காசு வருமா என்பதுதான் அடுத்த விஷயம். பெரும்பாலான டிரைவர்கள் இதைக் கேட்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். வண்டியின் ஓடோமீட்டர் காட்டுவது ஒன்று. ஜிபிஎஸ் காட்டுவது ஒன்று. ஆபிஸ் சுவரில் ஒட்டியிருக்கும் ரூட் சார்ட்டில் இருப்பது இன்னொன்று. கூலி பல இடங்களில் இந்த சார்ட்டுக்குத்தான். சார்ட்டில் ஒரு வழிக்கு 1,120 என்று இருந்தால் மீதி 50 கிலோமீட்டர் நீங்கள் சும்மா ஓட்டினது. சாக்கனில் இறக்கிவிட்டு ரிட்டர்ன் லோடுக்கு ரஞ்சன்காவ் வரை நாற்பது ஐம்பது கிலோமீட்டர் லோடு இல்லாமல் எம்ட்டியாகப் போவீர்கள், அது சார்ட்டிலேயே இருக்காது. இங்கே வந்தபிறகு, பகலில் கனரக வண்டியை விடாத சாலைகளைச் சுற்றிக்கொண்டு வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஏறுவீர்கள், அதுவும் இருக்காது. எம்ட்டி ஓட்டத்துக்குப் பாதி ரேட் போடும் கம்பெனிகளும் உண்டு. 'கிலோமீட்டருக்கு எவ்வளவு' என்று கேட்கும் அதே மூச்சில் 'எந்த மீட்டர், எம்ட்டிக்கு எவ்வளவு' என்று கேட்டுவிடுங்கள்.

சார்ட் 1,120 என்றே எடுத்துக்கொள்கிறேன். மாதம் 5,600 கிலோமீட்டருக்குக் கூலி. முதல் கம்பெனியில் 4 ரூபாய் 50 காசு வீதம் 25,200. இரண்டாவது கம்பெனியில் 3 ரூபாய் வீதம் 16,800, அதோடு 9,000, மொத்தம் 25,800. இப்போது இருக்கும் இடத்தில் 16,000 சம்பளம், மாதம் 25 நாள் வெளியூரில் இருந்தால் படி 10,000, மொத்தம் 26,000. வழியில் சாப்பாடு, குளியல், டீ, பார்க்கிங் எல்லாம் சேர்த்து நாளைக்கு 400 ரூபாய் மூன்று இடத்திலும் ஒன்றுபோலத்தான் போகும். 45,000 என்று கேட்டு மயங்கின வேலை, நீங்கள் இன்றைக்கு வாங்குவதைவிட 800 ரூபாய் குறைவு.

முதல் இரண்டு கம்பெனிக்கும் சரிசமம் ஆகும் இடம் 6,000 கிலோமீட்டர். அதற்கு மேல் ஓடினால் முதல் கம்பெனி லாபம், கீழே இறங்கினால் இரண்டாவது. 7,000 ஓடினால் 31,500-க்கு எதிராக 30,000. வித்தியாசம் 1,500தான். 4,000 மட்டும் ஓடின மாதத்தில் 18,000-க்கு எதிராக 21,000. நல்ல மாதத்தில் கிடைக்கும் அந்த 1,500-ஐவிட, கெட்ட மாதத்தில் தாங்கிப் பிடிக்கும் 3,000 எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கெட்ட மாதம் எப்படி வரும் என்று சென்னைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி லோடோடு ஐந்து நாள் நின்றார். கேபினிலேயே சமையல், கேபினிலேயே தூக்கம். அவருக்கு மாதச் சம்பளமும் நாள் படியும் இருந்ததால் ஜனவரி வாடகையைக் கொடுத்தோம். எங்கள் தெருவிலேயே கிலோமீட்டர் கூலிக்கு ஓடின ஒருவர் அதே ஐந்து நாள் அதே சாலையில் நின்றார். அவருக்கு ஒரு ரூபாய் வரவில்லை. லோடுக்குக் காவல் இருந்தார், தார்ப்பாய்க்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டார், சரக்கை நனையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். அது வேலை இல்லையா? கிலோமீட்டர் கணக்கில் அது வேலை இல்லை. அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து அரிசி வாங்கிப்போனது எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலி, எண்ணூர் பக்கம் வண்டிகள் தண்ணீரில் நின்றதைப் பார்த்ததும் எனக்கு அவர்கள் நினைப்புதான் வந்தது.

மாதச் சம்பளக் கம்பெனியில் வண்டி நின்றால் முதலாளிக்கு நஷ்டம். அதனால் லோடு கொடுப்பவரிடம் அவர் சண்டை போடுவார், சீக்கிரம் இறக்கச் சொல்லி நாலு போன் போடுவார். கிலோமீட்டர் கூலியில் நிற்கும் நேரத்தின் நஷ்டம் அப்படியே டிரைவர் தலைக்கு வந்துவிடுகிறது, போன் போட ஆள் இருப்பதில்லை. சில கம்பெனிகள் லோடு கொடுத்தவரிடம், வண்டி காத்து நின்றதற்கான ஹால்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு டிரைவருக்குக் கொடுக்காமலும் இருக்கிறார்கள். அந்த பில்களை டைப் அடித்தவள் நான், அதனால் தெரியும்.

பி.எஃப். பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் பங்கு 12 சதவீதம், கம்பெனி பங்கு 12 சதவீதம். 9,000-க்கு மட்டும் போட்டால் உங்களிடம் 1,080 பிடிப்பார்கள், அவர்கள் 1,080 போடுவார்கள். கிலோமீட்டர் பணத்தையும் சேர்த்துப் போடுகிறார்களா என்று கேளுங்கள். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.-க்கு வரம்பு மாதம் 21,000 சம்பளம். நீங்கள் அதற்குள் வருகிறீர்களா என்றும் கேளுங்கள். வேலையில் அடிபட்டுப் படுத்தால், படுத்த நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் இ.எஸ்.ஐ. கொடுக்கும். அந்த 26 வயதுப் பையனுக்கு அது இருந்திருந்தால் அவன் அம்மா அவ்வளவு அலைந்திருக்க மாட்டார்.

என் முடிவைச் சொல்கிறேன். முதல் கம்பெனி வேண்டாம். இரண்டாவது கம்பெனியில், லோடு ஏற்ற இறக்க 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் நாளைக்கு 600 ரூபாயாவது ஹால்டிங், கூலி ஓடோமீட்டர்படி, இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் சேருங்கள். வாய் வார்த்தை என்றால் இப்போது இருக்கும் இடத்திலேயே இருங்கள். அதற்கு முன்னால் மாதவரம் டிரக் டெர்மினலுக்கு ஒரு நாள் சாயங்காலம் போய், அந்தக் கம்பெனி டிரைவர்கள் இரண்டு மூன்று பேரிடம் டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். போன வருடம் மழை மாதத்தில் எவ்வளவு எடுத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள், போதும்.

கேள்வி: காட்டுப்பள்ளி துறைமுகத்திலிருந்து மணலி யார்டுக்கு டிரெய்லர் ஓட்டக் கிலோமீட்டருக்கு 9 ரூபாய் தருகிறேன் என்கிறார்கள். வெளியூர் ஓட்டுபவர்களுக்கு 4 ரூபாய்தான் என்பதால் இது நல்ல ரேட் என்று நினைக்கிறேன். சரிதானே?
– திருவொற்றியூர் வாசகர்

பதில்: சரியில்லை தம்பி. போக வர 45 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு நடைக்கு 405 ரூபாய். எண்ணூர் பக்கத்துக் கன்டெய்னர் வரிசை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கேட்டில் ஒரு நாள் போனால் அன்றைக்கு ஒரே நடை. 26 நாள் அப்படிப் போனால் 10,530 ரூபாய். துறைமுக ஓட்டத்தில் தூரம் கொஞ்சம், நேரம்தான் எல்லாம். அங்கே கிலோமீட்டர் ரேட் எவ்வளவு சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாள் சம்பளம் பேசுங்கள், அதற்கு மேல் நடைக்கு இவ்வளவு என்று வாங்குங்கள்.

கேள்வி: அம்மா, நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். என் மகன் அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கிறான். நிரந்தரமாகத் தங்க கிரீன் கார்டு இருக்கிறது, அங்கேயே கனரக வண்டி லைசென்ஸ் எடுத்திருக்கிறான். ஒரு கம்பெனி மைலுக்கு 62 சென்ட், வாரம் 3,000 மைல் ஓடலாம் என்கிறது. இன்னொன்று மைலுக்கு 55 சென்ட், ஆனால் எவ்வளவு குறைவாக ஓடினாலும் வாரம் 1,400 டாலருக்குக் குறையாது என்கிறது. அவன் 62 என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. உங்களால் சொல்ல முடியுமா?
– பெரம்பூர் வாசகர்

பதில்: ஐயா, என் அண்ணன் மகன் கலிபோர்னியாவில் டிரக் ஓட்டுகிறான். வாரா வாரம் சம்பளத் தாளை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி 'அத்தை, சரியா போட்டிருக்காங்களா பாருங்க' என்பான். அதனால் அந்த ஊர் முறையும் கொஞ்சம் பழகிவிட்டது. மைல் 1.6 கிலோமீட்டர், காசு டாலர். மற்றபடி செங்குன்றம் தம்பிக்குப் போட்ட கணக்குதான்.

அங்கே 10 மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினால், 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். 8 நாளில் 70 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு ஓட்டக் கூடாது. 2017 டிசம்பரிலிருந்து வண்டியிலேயே மின்னணுக் கருவி இதைப் பதிவு செய்கிறது, நோட்டில் மாற்றி எழுத முடியாது. 3,000 மைல் ஓட்ட, மணிக்கு 50 மைல் சராசரி வந்தால்கூட 60 மணி நேரம். 70-ல் 60 ஓட்டுவதற்கே போனால் லோடு ஏற்ற, இறக்க, வண்டியைச் சோதிக்க, டீசல் போட 10 மணி நேரம்தான் மிச்சம். ஒரு கிடங்கில் ஆறு மணி நேரம் நிறுத்திவிட்டால் முடிந்தது. என் அண்ணன் மகனுக்குப் போன வருடம் நல்ல வாரம் 2,700, சாதாரண வாரம் 2,300.

2,300 மைலுக்கே பார்ப்போம். 62 சென்ட் வீதம் 1,426 டாலர். 55 சென்ட் வீதம் 1,265தான், ஆனால் உறுதிப் பணம் இருப்பதால் 1,400. இதோடு விட்டால் உங்கள் மகன் 26 டாலரில் ஜெயித்துவிட்டார். ஆனால் அங்கேயும் ரூட் சார்ட் உண்டு. வீட்டுச் சாமான் ஏற்றும் வண்டிகளுக்காகத் தொடங்கின பழைய மைல் கணக்கு ஒன்று இருக்கிறது. ஊருக்கு ஊர் குறுக்கு வழியில் அளப்பது. கிடங்கு வாசல் வரைக்கும் டிரக் போகும் நெடுஞ்சாலையில் அளப்பது இன்னொன்று. பழைய கணக்கில் கூலி போட்டால் ஓடின மைலில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை காணாமல் போகும். 7 போனது என்று வையுங்கள். 2,300 ஓடினாலும் 2,139-க்குத்தான் காசு, 1,326 டாலர். இப்போது 55 சென்ட் கம்பெனி 74 டாலர் மேலே. உங்கள் மகன் முதலில் விசாரிக்க வேண்டியது இந்த மைல் கணக்கைத்தான். டிரக் போகும் வழியில் அளந்து கூலி தருகிறார்கள் என்றால், 62 கம்பெனியை ஒதுக்கிவிட வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். கிடங்கில் நிற்கும் நேரத்துக்குப் பல கம்பெனிகள் முதல் இரண்டு மணி நேரத்தை விட்டுவிட்டுத்தான் காசு கொடுக்கின்றன. மணிக்கு எவ்வளவு, லோடு கொடுத்தவர் பணம் கட்டாவிட்டாலும் தருவார்களா என்று கேட்கட்டும். மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டும் டிரைவருக்கு அந்நாட்டின் மத்தியச் சட்டப்படி ஓவர்டைம் கூலி கிடையாது, அதனால் நின்ற நேரத்துக்கு வேறு எங்கிருந்தும் பணம் வராது. அப்புறம், சம்பளத்தில் ஒரு பகுதியைச் சாப்பாட்டுப் படி என்று பிரித்து வரி இல்லாமல் காட்டும் வழக்கம் அங்கே உண்டு. கைக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். ஆனால் பிற்கால ஓய்வூதியத்துக்கான கணக்கில் சம்பளம் குறைந்துவிடும், வீட்டுக் கடன் கேட்டாலும் குறைந்த சம்பளம்தான் தெரியும். 62 சென்ட்டில் எத்தனை சென்ட் படி என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்களுக்கு மனசு ஒப்பாததன் காரணம் எனக்குப் புரிகிறது ஐயா. ரயில்வேயில் லோகோ பைலட்டுக்கும், முன்பு கார்டு என்று அழைத்த டிரெயின் மேனேஜருக்கும் கிலோமீட்டர் அலவன்ஸ் உண்டு. ஆனால் அதன் அடியில் அடிப்படைச் சம்பளம் இருக்கும், ரயில் சிக்னலில் நின்றால் வீட்டில் அடுப்பு அணையாது. உங்கள் மகனுக்கு அந்த 1,400 டாலர்தான் அடிப்படைச் சம்பளம் மாதிரி. அதைப் பெற எத்தனை நாள் வேலைக்கு இருக்க வேண்டும், ஒரு நாள் லீவு போட்டால் உறுதிப் பணம் முழுதும் போய்விடுமா என்பதை மட்டும் எழுத்தில் பார்த்துக்கொண்டு சேரச் சொல்லுங்கள்.

கேள்வி: அக்கா, என் கணவர் கும்மிடிப்பூண்டியிலிருந்து கோயம்புத்தூருக்கு இரும்பு லோடு ஓட்டுகிறார். கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 20 காசு. போன மாதம் 5,600 கிலோமீட்டர் ஓடினார். 23,520 வரவேண்டும். டீசல் குறைவு என்று 9,400-க்கு மேல் பிடித்துவிட்டார்கள். லிட்டருக்கு 4.2 கிலோமீட்டர் வரவேண்டுமாம், 3.9தான் வந்ததாம். அவர் டீசல் திருடுகிற ஆள் இல்லை அக்கா. பாயிண்ட் மூன்றுக்கு இவ்வளவு பணமா?
– கும்மிடிப்பூண்டி வாசகி

பதில்: அம்மா, முதலில் அவர்கள் கணக்கைச் சரிபார்த்தேன். 5,600-க்கு 4.2 என்றால் 1,333 லிட்டர். 3.9 என்றால் 1,436 லிட்டர். வித்தியாசம் 103 லிட்டர், லிட்டர் 92 ரூபாய் என்றால் 9,476. பெருக்கலில் தப்பு இல்லை. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 69 காசு உங்கள் வீட்டிலிருந்து போயிருக்கிறது. உங்கள் கணவரின் உண்மையான ரேட் 2 ரூபாய் 51 காசு. வேலையில் சேரும்போது லிட்டருக்கு 4.2 கிலோமீட்டர் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருப்பார்கள். அதுதான் சம்பளத்தைத் தீர்மானித்த எண்.

இந்த 4.2 எந்த லோடுக்கு, எந்தச் சாலைக்கு வைத்தது? இரும்புச் சுருள் ஏற்றின வண்டியும் பஞ்சு ஏற்றின வண்டியும் ஒரே மைலேஜ் தராது. போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கம், வரும்போது அதே தொப்பூர் ஏற்றம். ஸ்டீல் யார்டில் வரிசையில் இன்ஜினை நிறுத்தாமல் நகர்ந்து நகர்ந்து போவதிலும் டீசல் எரியும், ஒரு கிலோமீட்டரும் ஏறாது. லோடுக்கு ஒரு மைலேஜ், எம்ட்டிக்கு ஒரு மைலேஜ் என்று பிரித்துத்தான் வைக்க வேண்டும். வண்டி புதிதா, டயர் எப்படி, கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார்கள் என்பதும் உண்டு. அதெல்லாம் டிரைவர் கையில் இல்லை.

ஒன்றை மனசு பதறிச் சொல்கிறேன். டீசல் பிடித்தத்துக்குப் பயந்து தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விடும் டிரைவர்கள் இருக்கிறார்கள். இரும்பு லோடோடு அப்படி விட்டால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். அந்தக் கணவாயில் நடந்த விபத்துகளை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். உங்கள் கணவரிடம் இன்றைக்கே கேளுங்கள். விடுகிறார் என்றால், 9,000 போனாலும் பரவாயில்லை, கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். 1936-ஆம் வருடத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், டிரைவர் பொறுப்பில் விட்ட பொருள் குறைந்தால் பிடிக்கலாம் என்றது. ஆனால் அது அவருடைய கவனக்குறைவால் நேரடியாக நடந்தது என்று இருக்க வேண்டும். பிடிக்கும் முன் அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பொதுவாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இப்போது அதன் இடத்தில் இருக்கும், 2019-ல் இயற்றின ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் இதே விதிகள், அதே பாதி வரம்புதான். உங்கள் கணவரிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை என்றால் அதைத்தான் முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். மிரட்டுகிற மாதிரி வேண்டாம். 'எந்தெந்த நடையில் எத்தனை லிட்டர் குறைந்தது, நடை வாரியாகக் கொடுங்கள்' என்று ஒரு கடிதம் போதும். என் அனுபவத்தில், நடை வாரியாகப் பிரித்தாலே பாதிப் பிடித்தம் நிற்காது. ஒரே பங்க்கில் டேங்க்கை முழுதாக நிரப்பி அளக்காமல், பில்லை மட்டும் கூட்டியிருப்பார்கள். மாதக் கடைசியில் டேங்க்கில் மிச்சம் இருக்கும் டீசலை அடுத்த மாதத்துக்குச் சேர்க்காமலும் விட்டிருப்பார்கள். நானே இரண்டு முறை அந்தத் தப்பைச் செய்து, டிரைவர் வந்து காட்டினபிறகு திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

இந்த மாதத்திலிருந்து அவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு முறை டீசல் போடும்போதும் ஓடோமீட்டரைப் போனில் படம் எடுக்கட்டும். லிட்டர், இடம், லோடா எம்ட்டியா, எத்தனை மணி நேரம் நின்றார் என்று ஒரு வரி எழுதட்டும். அவருக்கு நேரமில்லை என்றால் ராத்திரி போனில் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். எங்கள் வீட்டில் நான்தான் எழுதினேன். மூன்று நடை முடிந்ததும் நோட்டின் நகலையும் கம்பெனி ஷீட்டின் நகலையும் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.